கோப்பை முதலாளிக்கு, பாக்கி ஆட்டக்காரனுக்கு!

கால்பந்து கிளப்புகளின் கடன் கதை

(கடலூரிலும் சிதம்பரத்திலும் நடந்த தொழிலாளர் கூட்டங்களில் நிகழ்த்திய உரை)



மில் தொழிலாளர் கூட்டமானாலும் விவசாயத் தொழிலாளர் கூட்டமானாலும் கூலி, போனஸ், பஞ்சப்படி, ரேஷன் இவற்றைப் பற்றிப் பேசுவதுதான் நமது வழக்கம். இன்று கால்பந்தைப் பற்றிப் பேசப் போகிறோம். "பந்து உதைப்பதற்கும் நம் வயிற்றுப்பாட்டுக்கும் என்ன சம்பந்தம்?" என்று சிலர் கேட்கலாம். சம்பந்தம் இருக்கிறது. கொஞ்சம் பொறுமையாகக் கேட்க வேண்டும்.

2004-ம் ஆண்டு சுனாமி நமது கடற்கரையை அழித்தது. வீட்டையும் உறவையும் இழந்த பெண் குழந்தைகள் பலர் கடலூரில் தங்கிப் படித்தார்கள். அவர்களில் சிலர் பந்து உதைக்கப் பழகினார்கள். அன்று முதல் கடலூர், பெண்கள் கால்பந்துக்குப் பேர் போன ஊராகிவிட்டது. 2018-ல் மணிப்பூரைத் தோற்கடித்து தேசிய மகளிர் கோப்பையைத் தமிழ்நாடு முதல் தடவையாக வாங்கியபோது, அந்தக் கோஷ்டியில் நம் மாவட்டத்துப் பெண்கள் இருந்தார்கள். நம் மாவட்டத்தைச் சேர்ந்த இந்துமதி கதிரேசன் இந்திய அணியிலேயே ஆடினார்.

ஆகவே தோழர்களே, கால்பந்து இன்று நம் பிள்ளைகளுக்கு வெறும் பொழுதுபோக்கு அல்ல; ஒரு தொழில். ஒப்பந்தம் எழுதி, மாதச் சம்பளம் பேசி, ஊர் விட்டு ஊர் போய்ச் செய்கிற தொழில். ஒரு தொழிலுக்கு நம் பிள்ளையை அனுப்புகிறோம் என்றால், அந்தக் கம்பெனியில் சம்பளம் ஒழுங்காக வருமா, கம்பெனி நிலைக்குமா என்று விசாரிக்க மாட்டோமா? அந்த விசாரணைதான் இன்றைய பேச்சு.

விளையாத நெல்லை விற்றுத் தின்றவர்கள்

முதலில் வெளிநாட்டுக் கதை ஒன்று. இங்கிலாந்தில் லீட்ஸ் என்று ஓர் ஊர். கம்பளி மில்களால் வளர்ந்த ஊர். அந்த ஊர்க் கால்பந்து கிளப் 2001-ல் ஐரோப்பாவின் பெரிய கோப்பைப் போட்டியில் கடைசி நான்கு கோஷ்டிகளில் ஒன்றாக வந்தது. ஊரே கொண்டாடியது. ஆனால் அந்த வெற்றி எந்தப் பணத்தில் வந்தது?

கிளப்பின் நிர்வாகிகள் 6 கோடி பவுன் கடன் வாங்கினார்கள். எதைக் காட்டிக் கடன் வாங்கினார்கள்? அடுத்த 25 ஆண்டுகளுக்கு மைதானத்தில் விற்கப்போகும் டிக்கட் பணத்தைக் காட்டி! பயிர் பச்சையாக இருக்கும்போதே களத்து நெல்லுக்கு முன்பணம் வாங்கித் தின்கிற கஷ்டம் நம் விவசாயிக்குத் தெரியும். அவன் பஞ்சத்தால் அப்படிச் செய்கிறான். இவர்கள் ஆசையால் செய்தார்கள். அதுவும் ஒரு போகம் அல்ல, 25 வருஷத்து விளைச்சலை!

கணக்கு என்னவென்றால், "வருஷா வருஷம் பெரிய போட்டிக்குத் தகுதி பெறுவோம், டெலிவிஷன் பணம் கொட்டும், கடனை அடைத்து விடுவோம்" என்பது. ஆனால் அடுத்த பருவத்துக்கே தகுதி கிடைக்கவில்லை. அவ்வளவுதான். சீட்டுக் கட்டு சரிந்தது. 2002-ல் ரியோ பெர்டினாண்ட் என்ற பெரிய ஆட்டக்காரரை விற்றார்கள். பிறகு ஒவ்வொருவராக விற்றார்கள். 2004-ல் கிளப் முதல் டிவிஷனிலிருந்து கீழே விழுந்தது. அதே ஆண்டு மைதானத்தையே விற்றார்கள். 2007-ல் திவாலாகி மூன்றாவது டிவிஷனுக்கு இறங்கினார்கள். கோப்பைக்கு அருகில் போய் வந்து ஆறே ஆண்டுகளில் இந்தக் கதி.

அந்தக் கிளப் ஆபீசில் தங்கமீன் தொட்டிக்கு வாடகை கொடுத்தார்கள் என்று பத்திரிகைகள் கேலி செய்தன. ஆனால் தங்கமீன் தின்று கிளப் அழியவில்லை தோழர்களே! வரவுக்கு மேல் சம்பளம் பேசி, வராத பணத்தை வந்ததாகக் கணக்கெழுதியதால் அழிந்தது.

வீம்புக்கு ஏற்றும் ஏலம்

"படித்தவர்கள், வியாபாரம் தெரிந்தவர்கள், ஏன் இப்படிச் செய்கிறார்கள்?" என்று கேட்கலாம். நம் ஊர் ஏரி மீன் குத்தகை ஏலத்தை நினைத்துப் பாருங்கள். ஏரியில் எவ்வளவு மீன் இருக்கும் என்று எல்லோருக்கும் ஓரளவு தெரியும். ஆனாலும் எதிர்த் தெருக்காரன் ஏற்றினான் என்று இவனும் ஏற்றுவான். ஏலம் எடுத்தவன் கடைசியில் மீன் விற்ற காசில் குத்தகைப் பணத்தைக் கட்ட முடியாமல் முழிப்பான்.

கால்பந்து லீகிலும் இதே கதைதான். இருபது கிளப் ஆடினால் கோப்பை ஒன்றுதான். ஒரு கிளப் ஆட்டக்காரருக்கு இரண்டு பங்கு கொடுத்தால், தோற்கப் பயந்து மற்றதும் கொடுக்கிறது. எல்லோரும் செலவை ஏற்றிவிடுகிறார்கள். ஆனால் எல்லோரும் ஜெயிக்க முடியாது. மில்லில் இரண்டு முதலாளிகள் போட்டி போட்டால் இருவரும் துணி விற்கலாம். இங்கே ஒருவன் ஜெயிப்பது என்றாலே மற்றவன் தோற்பது என்றுதான் பொருள். தோற்றவனின் கணக்கில் துண்டு விழுந்தே தீரும்.

துண்டு விழுந்தால் என்ன செய்கிறார்கள்? இந்த வருஷத்துத் துண்டை அடைக்க அடுத்த வருஷத்து வரவை அடகு வைக்கிறார்கள். அதுவும் தீர்ந்தால் மைதானத்தை அடகு வைக்கிறார்கள். அதுவும் போனால் சம்பளத்தை நிறுத்துகிறார்கள். வரிசை எப்போதும் இதுதான். முதலில் அனுபவிப்பவன் மேலே இருப்பவன். முதலில் பட்டினி கிடப்பவன் கீழே இருப்பவன்.

துடைப்பத்தோடு வந்த ஊர்

இங்கிலாந்தில் லங்காஷயர் மாகாணம். ஒரு காலத்தில் நம் கைத்தறிகளை நசுக்கிய மில் துணி அங்கிருந்துதான் வந்தது. அங்கே பரி என்று ஒரு சிறிய மில் ஊர். 1885-ல் அந்த ஊர்க் கிளப் தொடங்கியது. 1900-லும் 1903-லும் இங்கிலாந்தின் பெரிய கோப்பையை வாங்கியது. மில் வேலை முடிந்து வந்த தொழிலாளி சனிக்கிழமை மாலை பார்க்கப் போன கிளப் அது.

அந்தக் கிளப்பும் வரவுக்கு மேல் செலவு செய்தது. மைதானம் அடகில் போனது. 2018 டிசம்பரில் ஒரு முதலாளி ஒரே ஒரு பவுனுக்குக் கிளப்பை வாங்கினார். ஒரு பவுனுக்கு எதை வாங்கினார்? கடனைத்தான் வாங்கினார். 2019-ல் ஆட்டக்காரர்களுக்கும் ஊழியர்களுக்கும் சம்பளம் நின்றது. அந்த நிலையிலும் ஆட்டக்காரர்கள் ஆடி ஜெயித்து, கிளப்பை மேல் டிவிஷனுக்கு உயர்த்தினார்கள். உழைப்பவன் தன் வேலையைச் செய்தான். நிர்வாகம் தன் வேலையைச் செய்யவில்லை.

2019 ஆகஸ்ட் 27. எப்படியாவது அடுத்த ஆட்டம் நடக்கும் என்று நம்பி ஊர் மக்கள் துடைப்பமும் வாளியுமாக வந்து மைதானத்தைக் கூட்டிப் பெருக்கினார்கள். அன்று இரவு செய்தி வந்தது: பரி கிளப் லீகிலிருந்து நீக்கப்பட்டது! 1894 முதல் ஆடி வந்த கிளப். கடன் வாங்கியது ஒருவர், கையெழுத்துப் போட்டது ஒருவர், மைதானம் கூட்டியது ஊர்.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். இங்கிலாந்தில் ஒரு கிளப் திவாலானால், லீக் விதிப்படி ஆட்டக்காரர்களின் பாக்கியும் மற்ற கிளப்புகளின் பாக்கியும் முழுதாகக் கொடுக்கப்பட வேண்டும். நல்லதுதான். ஆனால் சட்டை துவைத்த லாண்டரிக்காரன், பிரியாணிக்குப் பதில் அங்கே பணியாரம் மாதிரி ஏதோ சுட்டுக் கொடுத்த கடைக்காரன், அச்சகத்துக்காரன் இவர்களெல்லாம் கடைசி வரிசை. 2008-ல் கோப்பை வாங்கிய போர்ட்ஸ்மவுத் கிளப் 2010 பிப்ரவரியில் திவாலானது; முதல் டிவிஷனில் இருந்தபடியே திவாலான முதல் கிளப் அதுதான். அந்த ஊர்ச் சிறு வியாபாரிகள் தங்கள் பாக்கியில் சிறு பங்குக்காகக் காத்துக் கிடந்தார்கள். கரும்பு வெட்டி அனுப்பிவிட்டு ஆலை வாசலில் பணத்துக்காக நின்ற நம் மாவட்டத்து விவசாயிக்கு இதை விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை.

முதலாளி கொடுத்தது தானமா, கடனா?

"முதலாளி தன் சொந்தப் பணத்தை அழிக்கிறான், அதில் நமக்கென்ன நஷ்டம்?" என்று ஒரு தோழர் கேட்டார். நல்ல கேள்வி. பதில் இதுதான்: பெரும்பாலும் முதலாளி பணத்தைத் தானமாகக் கொடுப்பதில்லை. கிளப்புக்குக் கடனாகவே எழுதி வைக்கிறார். அவர் மனம் மாறினாலோ, அவரது வேறு வியாபாரம் படுத்தாலோ, கிளப்பும் அதோடு படுத்துவிடும்.

லங்காஷயரிலேயே பிளாக்பர்ன் என்று இன்னொரு மில் ஊர். 1931-ல் காந்தி லங்காஷயருக்குப் போய் மில் தொழிலாளர்களைச் சந்தித்தது அந்த ஊருக்குப் பக்கத்தில்தான். 2010 நவம்பரில் அந்த ஊர்க் கிளப்பை வாங்கியவர்கள் யார் தெரியுமா? நம் நாட்டுப் பூனாவைச் சேர்ந்த கோழி வியாபாரக் கம்பெனி, வெங்கீஸ். 2012-ல் கிளப் முதல் டிவிஷனிலிருந்து விழுந்தது. 2017-ல் மூன்றாவது டிவிஷனுக்கே போனது. ஆண்டுதோறும் துண்டு விழும், பூனாவிலிருந்து பணம் போகும், சக்கரம் ஓடும். 2023-ல் இந்தியாவில் விசாரணை வந்தது. அங்கே பணம் அனுப்ப டில்லி ஹைகோர்ட்டின் அனுமதி கேட்க வேண்டியதாயிற்று. பூனாவில் கதவு சாத்தினால் பிளாக்பர்னில் அடுப்பு அணையும். ஒரு ஊரின் கிளப் ஒரே ஆளின் பணப்பையை நம்பி நிற்பது எவ்வளவு ஆபத்து என்பதற்கு இதைவிட வேறு சாட்சி வேண்டுமா?

நம் நாட்டில் நடந்தது

இனி நம் வீட்டுக்கு வருவோம். பஞ்சாபில் பக்வாரா என்ற ஊரில் ஜே.சி.டி. துணி மில் 1971-ல் ஒரு கால்பந்துக் கோஷ்டி அமைத்தது. 1996-97-ல் தேசிய லீக் முதன்முதலாக நடந்தபோது அந்த மில் கோஷ்டிதான் சாம்பியன். 2011-ல் நிர்வாகம் கோஷ்டியைக் கலைத்துவிட்டது. கம்பெனிக்கு விளம்பரம் கிடைக்கும் வரைதான் கோஷ்டி. விளம்பரம் போதவில்லை என்றால் கலைத்துவிடலாம் என்பது அவர்கள் கணக்கு.

2014-ல் எட்டு கோஷ்டிகளுடன் இந்தியன் சூப்பர் லீக் தொடங்கியது. சினிமா நட்சத்திரங்களும் கிரிக்கெட் வீரர்களும் கிளப் உரிமையாளர் ஆனார்கள். உலகக் கோப்பை வாங்கிய வெளிநாட்டு வீரர்களை, ஆட்டத்தை விட்டு ஓய்கிற வயதில், பெரும் பணம் கொடுத்துக் கூட்டி வந்தார்கள். நம் சென்னையின் அணி 2015-லும் 2017-18-லும் பட்டம் வென்றது. மகிழ்ச்சிதான். ஆனால் வரவு? டிக்கட் வசூல் கொஞ்சம். டெலிவிஷன் பணம் கொஞ்சம். பாக்கியெல்லாம் விளம்பரக் கம்பெனியும் முதலாளியின் பையும்தான். ஆண்டுதோறும் பல கோடி நஷ்டம் என்று கிளப்காரர்களே சொல்லி வந்தார்கள்.

ஹைதராபாத் கிளப்பைப் பாருங்கள். 2022 மார்ச் 20-ம் தேதி லீக் சாம்பியன். அதற்கு அடுத்தடுத்த பருவங்களிலேயே சம்பளப் பாக்கி. உலகக் கால்பந்து ஸ்தாபனம், பாக்கியைத் தீர்க்கும் வரை புதிய ஆட்டக்காரரைச் சேர்க்கக் கூடாது என்று தடை போட்டது. மூத்தவர்கள் ஒவ்வொருவராக வெளியேறினார்கள். 2023-24-ல் இளம் பையன்களை வைத்து ஆடி, 22 ஆட்டங்களில் ஒரே வெற்றியோடு கடைசி இடம். பிறகு கிளப் கைமாறி, 2025-ல் ஊரையும் பேரையும் மாற்றிக்கொண்டு டில்லிக்குப் போய்விட்டது. கோப்பை வாங்கி நாலு வருஷம் முடியவில்லை. ஹைதராபாத் ரசிகனுக்குக் கிளப்பே இல்லை!

கோயம்புத்தூருக்கு வாருங்கள். அதுவும் மில் ஊர். சென்னை சிட்டி என்ற கிளப் அங்கே ஆடி 2019 மார்ச்சில் ஐ-லீக் பட்டம் வென்றது. அதே ஆண்டு சுவிட்சர்லாந்து நாட்டு பாசெல் கிளப் 26 சதவீதப் பங்கு வாங்கியது. "இனிக் கவலை இல்லை" என்றார்கள். 2021-22 பருவத்தில் அந்தக் கிளப் லீகில் இல்லை.

பிறகு 2025 வந்தது. லீகை நடத்தும் வியாபார உரிமையை இந்தியக் கால்பந்து சம்மேளனம் 2010-ல் 15 ஆண்டுகளுக்கு ரூ. 700 கோடிக்கு ரிலையன்ஸ் கூட்டுக் கம்பெனியிடம் கொடுத்திருந்தது. அந்த ஒப்பந்தம் 2025 டிசம்பரில் முடிய இருந்தது. புதிய ஒப்பந்தம் ஆகவில்லை என்று ஜூலையிலேயே லீகை நிறுத்தி வைத்தார்கள். ஆகஸ்டில் பெங்களூர் கிளப் ஆட்டக்காரர், ஊழியர் சம்பளத்தை நிறுத்தியது. சென்னையின் கிளப் வேலைகளையே நிறுத்தி வைத்தது. நவம்பரில் உரிமையை ஏலம் விட்டார்கள். ஒருவர்கூட ஏலம் கேட்கவில்லை! இந்திய அணியின் ஆட்டக்காரர்களே 2026 ஜனவரியில் உலகக் கால்பந்து ஸ்தாபனத்துக்குப் பகிரங்க வேண்டுகோள் விட்டார்கள். 2026 பிப்ரவரி 14-ல்தான் ஆட்டங்களைக் குறைத்து லீகைத் தொடங்கினார்கள்.

மில்லில் இதற்கு என்ன பேர்? கதவடைப்பு! வேலை செய்யத் தயாராகத் தொழிலாளி வாசலில் நிற்கிறான். உள்ளே கணக்குச் சரியில்லை என்று கதவைச் சாத்துகிறார்கள்.

யாருக்காகப் பேசுகிறோம்?

"லட்சம் லட்சமாக வாங்குகிறவனுக்கு நாம் ஏன் பரிந்து பேச வேண்டும்?" என்றும் கேட்பார்கள். லட்சங்களும் கோடிகளும் வாங்குபவர்கள் விரல் விட்டு எண்ணக்கூடியவர்கள். அவர்களுக்கு அடுத்த கிளப் காத்திருக்கிறது. நாம் பேசுவது மற்றவர்களுக்காக. புல் வெட்டுபவர், சட்டை துவைப்பவர், பஸ் ஓட்டுபவர், சமையல்காரர், பயிற்சியில் சேர்ந்த பதினாறு வயதுப் பையன், கிராமத்திலிருந்து வந்த பெண். ஆட்டக்காரரின் தொழில் ஆயுள் பத்துப் பன்னிரண்டு வருஷம். முழங்கால் போனால் அதற்கு முன்பே முடிந்தது. அதில் ஆறு மாதச் சம்பளம் போனால் அது சிறிய நஷ்டமா?

முன்பு ரயில்வே கோஷ்டி, இந்தியன் பாங்க் கோஷ்டி என்று ஆடியவர்களுக்கு ஆட்டம் போனாலும் உத்தியோகம் இருந்தது. இந்துமதி கதிரேசனும் போலீஸ் இலாகாவில் சப்-இன்ஸ்பெக்டர். காலுக்கடியில் அந்த நிலம் இருந்தால்தான் பந்தைத் தைரியமாக உதைக்க முடியும். எல்லாப் பிள்ளைகளுக்கும் அந்த நிலம் கிடைப்பதில்லை.

என்ன செய்ய வேண்டும்?

வழி இல்லாமல் இல்லை. ஜெர்மனியில் 1998 முதல், சில விலக்குகள் தவிர, கிளப்பின் ஓட்டுரிமையில் பாதிக்கு மேல் அங்கத்தினர்களிடமே இருக்க வேண்டும் என்ற விதி உண்டு. ஐரோப்பியப் போட்டிகளில் ஆடும் கிளப், ஆட்டக்காரர் செலவை வரவில் 70 சதவீதத்துக்குள் வைக்க வேண்டும் என்று விதி வந்திருக்கிறது. பரி போன்ற கிளப்புகளின் அழிவுக்குப் பிறகு இங்கிலாந்தில் 2025-ல் சட்டமே போட்டு, கிளப்புகளின் கணக்கைப் பார்க்க ஓர் அதிகாரியை ஏற்படுத்தினார்கள். இவை முதலாளிகள் தாமாகத் தந்தவை அல்ல. நொந்துபோன ரசிகர்கள் கேட்டுக் கேட்டு வாங்கியவை.

நாமும் கேட்க வேண்டியவை நான்கு.

ஒன்று: பருவம் தொடங்கும் முன்பே ஆட்டக்காரர், ஊழியர் எல்லோருடைய முழுப் பருவச் சம்பளத்துக்கும் கிளப் பாங்கில் ஜாமீன் கட்ட வேண்டும். கட்டாத கிளப்புக்கு மைதானத்தில் இடம் இல்லை.

இரண்டு: வரவு செலவுக் கணக்கை ஆண்டுதோறும் பகிரங்கமாக வெளியிட வேண்டும். முதலாளி கொடுத்தது கடனா, முதலா என்பது அதில் தெளிவாக இருக்க வேண்டும்.

மூன்று: மைதானத்தை அடகு வைக்கவோ விற்கவோ ஊரின் சம்மதம் வேண்டும்.

நான்கு: ஆட்டக்காரர்களுக்குச் சங்கம் இருக்கிறது, 2006 முதல் இருக்கிறது. அது புல் வெட்டுபவரையும் சேர்த்துக்கொண்டு பேச வேண்டும். நம் வீட்டுப் பிள்ளை ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடும் முன் விஷயம் தெரிந்தவரிடம் படித்துக் காட்டச் சொல்லுங்கள்.

கடைசியாக நம் ஊர் இளைஞர்களுக்கு ஒரு வார்த்தை. சிதம்பரம், புவனகிரி, காட்டுமன்னார்கோயில் பக்கத்துக் கிராமங்களில் பொங்கலுக்குப் போட்டி வைக்கிறோம். பக்கத்து ஊர்க்காரன் பத்தாயிரம் பரிசு என்றால் நாம் இருபதாயிரம் என்று நோட்டீஸ் அடிக்கிறோம். வெளியூர் ஆட்டக்காரனைக் காசு கொடுத்து இறக்குகிறோம். வசூல் போதவில்லை என்றால் வட்டிக்கு வாங்குகிறோம். போட்டி இரண்டு நாளில் முடிந்துவிடும். வட்டி அறுவடை வரை வரும். லீட்ஸ் செய்ததும் இதுதான், தொகைதான் வேறு. வசூலைக் கையில் வைத்துக்கொண்டு பரிசை அறிவியுங்கள். கணக்கை எழுதி டீக்கடைச் சுவரில் ஒட்டுங்கள். வெளியூர்க்காரனுக்குக் கொடுக்கிற காசில் நம் ஊர்ப் பெண் பிள்ளைகளுக்கு பூட்ஸ் வாங்கிக் கொடுங்கள்.

தோழர்களே! ஜெயிக்க ஆசைப்படுவது தப்பில்லை. ஆட்டம் என்றால் ஜெயிக்கத்தான் ஆட வேண்டும். ஆனால் அடுத்தவன் கூலியைப் பந்தயமாக வைத்து ஜெயிக்க யாருக்கும் உரிமை இல்லை. பந்து உதைத்தாலும் நூல் நூற்றாலும் நாற்று நட்டாலும், செய்த வேலைக்குக் கூலி முதலில். கோப்பை அதற்குப் பிறகு.